என் மனைவி அறுத்துப் பார்த்த அலுமினியம்

நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வாசலில், பார்வையாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் மனைவி நின்றதை முதலில் பார்த்தது நான் அல்ல. மூன்றாம் மெஷினை ஓட்டுகிற பர்கூர்க்காரர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"இன்னாண்ணா, அண்ணி கேட்டாண்ட நிக்கிறாங்க. ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனிலருந்து ஆள் வருதுன்னாங்களே, அது அண்ணிதானாம்."

காலையில் ஒரே வீட்டிலிருந்துதான் இருவரும் கிளம்பியிருந்தோம். மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, அவளைத் தொழிற்பேட்டையின் அந்தப் பக்கம் இறக்கிவிட்டு நான் இந்தப் பக்கம் வந்தேன். வழியில் அவள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீஸுக்குப் போன பிறகுதான் அவளிடமே சொல்லியிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்தும் மறைத்தாள் என்றே நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஓசூருக்கு நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முசிறிப் பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவன். இப்போது சீனியர் செட்டர். கணினி சொல்கிறபடி அறுத்தும் துளைத்தும் தரும் மெஷின்களுக்கு எந்த வெட்டுக் கருவி, எந்த வேகம், எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்து ஓட்டிக்காட்டி ஆபரேட்டரிடம் கொடுப்பது என் வேலை. அவள் ராயக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரி. தக்காளி போடுகிற குடும்பம். கிருஷ்ணகிரியில் வேதியியல் படித்தவள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று சொல்லி அந்த ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியின் லேபில் சேர்ந்தாள். நான்கு வருடத்தில் அந்த லேபுக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டாள். நான் சீனியர் செட்டர் ஆக ஒன்பது வருடம் பிடித்தது. இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனதுக்குள் பல தடவை போட்டிருக்கிறேன்.

அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று நான் ஒருநாளும் விவரமாகக் கேட்டதில்லை. மெஷினில் வைத்து அழுத்தினால் ஓர் எண் வரும், அதை எழுதுவாள், அவ்வளவுதான் என்று எண்ணிக்கொண்டேன். அவள் மட்டும் என்னிடம் கேட்பாள். "இன்னிக்கு எது ஓடுச்சு? டிரில் ஒடைஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே தோசை ஊற்றுவாள். நானும் பெருமையாகச் சொல்வேன். அவள் கேட்டதெல்லாம் பேச்சுக்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். லாரி பம்ப்புக்கான ஒரு அலுமினிய உறையை நாங்கள் அறுத்துத் தருகிறோம். சூளகிரிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில், அதாவது வார்ப்பாலையில், அதை ஊற்றுவார்கள். ஊற்றிய காஸ்டிங்கை என் மனைவியின் கம்பெனி சூடாக்கி, தண்ணீரில் அமிழ்த்தி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துக் கெட்டிப்படுத்தும். பிறகு எங்களிடம் வரும். நல்ல காஸ்டிங் என்றால் டிரில் இறங்கும்போது சுருள் சின்னச் சின்னதாக உடைந்து, பொரி கொட்டுகிற மாதிரி விழும். அந்த ஒரு வாரமாக அப்படி விழவில்லை. சுருள் நூடுல்ஸ் போல நீண்டு டிரில்லைச் சுற்றிக்கொண்டது. உலோகம் கருவியின் முனையில் போய் அப்பிக்கொண்டது. துளையின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது, நாய் பிறாண்டிய மாதிரி இருந்தது. பத்துக்கு நான்கு ரிஜெக்ட்.

மீட்டிங்கில் எங்கள் பிளான்ட் மேனேஜர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை.

"ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்ல சார். சாஃப்ட்டா இருக்கு. அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க."

அது யாருடைய கம்பெனி என்று எனக்குத் தெரியாதா? நான் சொன்னது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் சொல்லும்போது நெஞ்சில் ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் மேனேஜர் தினமும் பெங்களூரிலிருந்து கார் ஓட்டி வருகிற கன்னடக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் கையில் அளந்து எடுத்த மாதிரி பேசுவார். என் மனைவி வந்து இரண்டு நிமிடத்தில் அவரோடு கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் ஊரில் அது ஒரு விசேஷமே இல்லை. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம். பதினான்கு வருடத்தில் அந்த மனிதர் என்னோடு பேசிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் ஏதோ சொன்னாள், அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கையில் வெர்னியரை வைத்துக்கொண்டு, அளக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என்னைப் பார்த்து, "சார், நல்லா ஓடினதுல ரெண்டு, ஓடாததுல நாலு எடுத்துக் குடுங்க. எந்த மெஷின்ல ஓடுச்சுன்னு மேல எழுதிடுங்க," என்றாள்.

சார். ஆபீஸ் வேலையில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் பர்கூர்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதியம் மேனேஜரும் நானும் அவளுடைய லேபுக்குப் போனோம். அந்த அறைக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. எங்கள் வீட்டு ஹாலைவிடக் கொஞ்சம் சின்னது. அவள் காஸ்டிங்கைச் சின்னத் துண்டுகளாக அறுத்து, சுற்றுகிற தட்டில் வைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தாள். கரடான காகிதம், அதைவிட மெல்லிய காகிதம், பிறகு ஈரத் துணி. ஒவ்வொரு தடவையும் துண்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் தெரிகிற அளவுக்கு வந்ததும் கையுறை போட்டுக்கொண்டு ஒரு சொட்டு அமிலம் தடவி, கழுவி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தாள். அந்தக் கையைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். அது இப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது.

"பாருங்க சார்," என்று மேனேஜருக்கு இடம் விட்டாள். அடுத்து நான் குனிந்து பார்த்தேன். வெளுத்த நிலத்தில் சாம்பல் நிற உருண்டைகள், ஏரி வற்றினால் தெரியும் கூழாங்கல் மாதிரி.

"அந்த உருண்டை எல்லாம் சிலிக்கான். ஊத்தி ஆறினப்ப ஊசி ஊசியா இருந்திருக்கும். ஐந்நூறு டிகிரிக்கு மேல மணிக்கணக்கா வச்சா ஊசி மழுங்கி உருண்டையாகும். உருண்டையாகியிருக்கு. அப்ப பெரிய சூளை வேலை சரியா நடந்திருக்கு."

"அப்ப ஏன் சாஃப்ட்டா இருக்கு?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"அது இதுல தெரியாதுங்க. தண்ணியில போட்டு எடுத்த பிறகு, நூத்தியறுபது டிகிரி பக்கத்துல மெதுவா வைக்கிறோம் இல்லையா? அப்பத்தான் உள்ள இருக்கிற மெக்னீசியமும் சிலிக்கானும் சேர்ந்து பொடிப் பொடியா உக்காரும். இந்த மைக்ராஸ்கோப்ல தெரியாத அளவுக்குப் பொடி. அது உக்காந்தாத்தான் அலுமினியம் விறைக்கும். விறைச்சாத்தான் உங்க டிரில்லுக்குச் சுருள் உடையும். உக்காரலைன்னா களிமண் மாதிரி இழுக்கும். அதைக் கண்ணால பாக்க முடியாது, அழுத்திப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

மெஷினில் வைத்து அழுத்தினாள். அவள் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே மெஷின். எவ்வளவு கெட்டி என்று காட்டும் எண், அதாவது ஹார்ட்னஸ், நன்றாக ஓடிய துண்டில் தொண்ணூறைத் தாண்டியது. ஓடாத முதல் துண்டில் எழுபதைத் தொடவில்லை.

அடுத்து அவள் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய முதலாளி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அவரையும் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னாள்.

"தப்பு எங்களோடதுதான் சார். காலையிலேயே சூளைக்குள்ள வைக்கிற கூடையைப் போய்ப் பார்த்தேன். ஆர்டர் அவசரம்னு காஸ்டிங்கை நெருக்கி அடுக்கியிருக்காங்க. காத்து சுத்த இடம் இல்ல. மேல் அடுக்கு சரியா சூடு புடிச்சிருக்கு, அடி மூலையில இருந்ததுக்குச் சூடு போகவே இல்ல. நானும் ஹார்ட்னஸ் பாக்க மேல இருக்கிறதையே எடுத்திருக்கேன். அடியிலருந்து எடுத்திருக்கணும். எடுக்கல. நீங்க இன்னும் அறுக்காத காஸ்டிங்கை எல்லாம் திருப்பி அனுப்புங்க. மறுபடி இளஞ்சூட்டுல வச்சா ஏறிடும். ஒண்ணும் வீணாகாது."

முதலாளியின் முகம் சுருங்கியது. மேனேஜரின் முகம் மலர்ந்தது. வாசல் வரை வந்த அவளுக்குக் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். வழியெல்லாம், "தப்பு எங்களோடதுன்னு சொல்ற சப்ளையரை நான் பார்த்ததில்ல," என்று நான்கு தடவை சொன்னார். என் மனைவியைப் பற்றி என்னிடமே சொல்கிறோம் என்பது அவருக்கு நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். தவறு செய்தவள் அவள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான். பாராட்டு அவளுக்கு. இது எந்த ஊர் நியாயம் என்று உள்ளுக்குள் எரிந்தது.

ஆனால் எரிச்சலுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அவள் எடுத்துப்போன ஓடாத துண்டுகள் நான்கில் ஒன்று, அழுத்திப் பார்த்தபோது தொண்ணூற்றுச் சொச்சம் காட்டியது. நன்றாக விறைத்த துண்டு. ஆனால் துளை கிழிந்திருந்தது. மேலே என் கையெழுத்தில் மூன்றாம் மெஷின் என்று எழுதியிருந்தது. "இது மட்டும் எங்க பக்கம் காரணம் இல்ல சார். உங்க பக்கம் ஒருதரம் பாத்துக்குங்க," என்று மட்டும் சொல்லி அதைத் தனியாக வைத்தாள். மேனேஜர் என்னைப் பார்த்தார். "கூலன்ட் கம்மியா இருந்திருக்கும் சார், பாக்கறேன்," என்றேன்.

அறுக்கும் இடத்தில் சூடு தணியப் பீய்ச்சுகிற கூலன்ட் சரியாகத்தான் இருந்தது. அலுமினியத்துக்கென்று பளபளவென்று மெருகிட்ட டிப் ஒன்று உண்டு. கருவியின் முனையில் பொருத்துகிற சின்னப் பல் அது. அது தீர்ந்துபோயிருந்தது. தீரப்போகிறது என்று எழுதிக்கொடுக்க வேண்டியவன் நான். மறந்துவிட்டேன். மறந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு, எஃகு அறுக்கிற, மேலே பூச்சு போட்ட டிப்பை மூன்றாம் மெஷினில் மாட்டிவிட்டேன். அந்தப் பூச்சில் அலுமினியம் பசை மாதிரி ஒட்டும். எனக்குத் தெரியும். இரண்டு நாள் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். அதே வாரத்தில் காஸ்டிங்கும் மெத்தென்று வந்தது, என் தவறு அதற்குள் மறைந்துகொண்டது. புது டிப் வந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, மூணாம் மெஷின்ல அந்தத் துண்டு ஓடினப்ப எந்த டிப்பு போட்டிருந்தீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

"அப்படியா?"

"நீ என்ன, வீட்டுக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்துட்டியா? நான் உன் லேப் துண்டு இல்லம்மா."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. "தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்," என்றாள். மகள் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் திரும்ப எழுத ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருந்தது. எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் கம்பெனியிலேயே ஒரு சின்ன லேப் போடப்போகிறார்களாம். வருகிற காஸ்டிங்கை நாங்களே சோதித்து எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

"உங்க மனைவி வர்றாங்களா கேளுங்க. நேரா கேட்டா அந்த முதலாளி வருத்தப்படுவார். நீங்க வீட்ல பேசிட்டு சொல்லுங்க. அங்க இருக்கிறதைவிட நல்ல போஸ்ட்."

நல்ல போஸ்ட் என்றால் எனக்கு மேலே. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் லேப் பொறுப்பாளர் மேனேஜரிடம் நேராகப் பேசுவார். செட்டர் புரொடக்‌ஷன் இன்சார்ஜ் மூலமாகப் பேசுவான். தினமும் காலையில் அவள் இந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவதும், பர்கூர்க்காரர் "குட் மார்னிங் மேடம்" என்பதும், அறைக்குள்ளிருந்து அந்தக் கன்னடச் சிரிப்பு கேட்பதும் ஒரு நொடியில் எனக்கு முன்னால் ஓடின.

"கேட்டுப் பாத்துட்டேன் சார்," என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று இன்றைக்கும் தெரியவில்லை. "ஒருதரம் பேச்சு வந்தப்ப கேட்டேன். ஒரே கம்பெனியில ரெண்டு பேரும் வேணாங்கறாங்க. வரமாட்டாங்க."

"அப்படியா," என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்த மாதம் சேலத்திலிருந்து ஒருவர் வந்து லேபில் சேர்ந்தார். நல்ல மனிதர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியும் குற்றவுணர்வும் ஒன்றாக வந்தன.

இப்படி ஒரு நான்கு மாதம் போனது. இந்த நான்கு மாதத்தில் நான் மனைவியிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தேன். மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது முகம் சுளிக்காமல் கூடவே போய், ராயக்கோட்டை மண்டியில் மாமனாரோடு தக்காளிப் பெட்டிகளை இறக்கினேன். அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளே ஒன்றும் ஒளித்து வைக்காத ஆளால்தான் அப்படி இருக்க முடியும்.

பிறகு எங்கள் மேனேஜர் வருடாந்தர ஆடிட்டுக்காக அவளுடைய கம்பெனிக்குப் போனார்.

அன்று அவள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள், எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் போனபோது உடைகூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நான் வரமாட்டேன்னு எப்பங்க சொன்னேன்?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி, "எங்க?" என்றேன்.

"உங்க மேனேஜரு கேட்டாரு. நீங்க ஏன்மா எங்க லேபுக்கு வரமாட்டேன்னுட்டீங்கன்னு. நான் முழிக்கிறேன். என்னான்னு சொல்றது? என் வீட்டுக்காரரு என்கிட்ட கேக்கவே இல்லீங்கன்னு சொல்றதா? ஆமாங்க சார், பொண்ணு சின்னது, அதான்னு சொல்லிட்டு வந்தேன். உங்க மானத்தை நான் காப்பாத்திட்டு வந்தேன்."

நான் டிபன் பையைக் கீழே வைத்தேன்.

"கேட்டிருந்தா நான் வேணாம்னுகூடச் சொல்லியிருப்பேன். ஒரே இடத்துல ரெண்டு பேரும் வேணாம்னு நானே நெனச்சிருப்பேன். ஆனா அது என் வாயிலருந்து வந்திருக்கணும். நீங்க என் வாயை எடுத்துப் பேசிட்டீங்க."

"கோவம் வந்துச்சு," என்றேன்.

"எதுக்கு?"

"அன்னிக்கு நீ வந்து எல்லார் முன்னாடியும்... எல்லாரும் உன்னையே..." செருப்பைக் கழற்றி ஓரம் தள்ளினேன். "பொறாமைன்னு வச்சுக்கோ."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வேற யாராவதுன்னா எனக்குப் புரியும். என் மேலயா?" என்றாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவினாள். தண்ணீர் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலையில் மெஷின்களை ஓடவிட்டுவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவளிடம் நான் கேட்கவே இல்லை, நானாகச் சொன்ன பொய் அது என்று சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் வாய் நிற்கவில்லை. மூன்றாம் மெஷின் டிப் விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "யாக்கப்பா?" என்றார். ஏன் என்று கேட்கிறார். அந்த அளவு கன்னடம் எனக்குத் தெரியும்.

டிப் விஷயத்துக்கு ஒரு மெமோ கொடுத்தார். அது என் ஃபைலில் இருக்கிறது. வேலை விஷயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தார், அவரை என்ன செய்ய முடியும்? நான் கிளம்பும்போது, "அவங்க கிட்ட மன்னிப்பு கேளுங்க, என்கிட்ட இல்ல," என்றார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் டிப்பைப் பற்றியும் சொன்னேன்.

"அது தெரியும்," என்றாள். "அன்னிக்கே பர்கூர் அண்ணன் கிட்ட கேட்டேன். டப்பா கலரே வேற மாதிரி இருந்துச்சு, அண்ணாதான் குடுத்தாருன்னாரு."

"அப்ப ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?"

"உங்க பக்கம் பாருங்கன்னு சொன்னேனே. அதுக்கு மேல நீங்க சொல்ல வேண்டியது."

அதற்கப்புறம் பல நாள் அவள் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. தோசை ஊற்றினாள், மகளின் ஃபீஸ், கேஸ் சிலிண்டர், மாமியாரின் மூட்டுவலி எல்லாம் பேசினாள். எது ஓடியது, எது உடைந்தது என்ற கேள்வி மட்டும் வரவில்லை. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நின்றபிறகுதான் தெரிந்தது. ஒருநாள் நானாகவே, "இன்னிக்கு ஒரு டிரில் போச்சு," என்றேன். "ம்," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது வெளியே வந்து சொன்னாள்: "சூளகிரி ஃபவுண்டரியில லேபுக்கு ஆள் கேட்டிருந்தாங்க. போன வாரம் போய்ப் பேசிட்டு வந்தேன். ஒண்ணாந்தேதியிலருந்து வரச் சொல்லியிருக்காங்க. கம்பெனி பஸ் வருது, நீங்க எறக்கிவிட வேணாம்."

யோசனை கேட்கவில்லை, தகவல் சொன்னாள். எனக்கு அது சரியான தண்டனை. ஆனால் அவள் தண்டனையாகச் செய்யவில்லை, அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். சூட்டுக்குப் பின்னால் வருகிற காஸ்டிங்கைப் பார்த்துப் பார்த்து, ஊற்றுகிற இடத்துக்கே போக வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை இருந்திருக்கிறது. அதையும் நான் கேட்டதில்லை.

இப்போது எங்களுக்கு வருகிற ஒவ்வொரு லாட்டோடும் அந்த ஃபவுண்டரியின் சோதனை ரிப்போர்ட் ஒன்று வரும். கீழே அவளுடைய கையெழுத்து இருக்கும். நான் காஸ்டிங்கைப் பார்க்கும் முன் கையெழுத்தைத்தான் பார்க்கிறேன். அவள் சேர்ந்த பிறகு காஸ்டிங் நன்றாக வருகிறது. ஊற்றுவதற்கு முன் உருகிய அலுமினியத்தில் ஏதோ ஒரு சிட்டிகை சேர்க்க வைக்கிறாளாம். சிலிக்கான் ஆரம்பத்திலேயே ஊசியாக வளராமல் பொடியாக ஆறுகிறது. எங்கள் டிப் முன்பைவிட அதிக நாள் உழைக்கிறது. மேனேஜர் மீட்டிங்கில் அந்த ஃபவுண்டரியைப் புகழ்ந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கன்னம் வலித்தது.

போன மாதம் அவளே மறுபடி பேச்சை ஆரம்பித்தாள். "எங்க ஆளுங்க யாரும் காஸ்டிங்கை அறுக்கிறதைப் பாத்ததே இல்ல. நீங்க ஒரு நாள் வந்து சொல்றீங்களா? உங்க மேனேஜர்கிட்ட நான் லெட்டர் போட்டுக் கேட்டுக்கறேன்."

போனேன். இந்த முறை பார்வையாளர் அட்டை என் கழுத்தில். உருக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட். பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவள் என்னைத் தன் வீட்டுக்காரர் என்று சொல்லவில்லை. "இவங்க நம்ம காஸ்டிங்கை அறுக்கிற செட்டர்," என்றாள். ஒருவழியாகப் பேசினேன். சுருள் எப்படி விழும், எப்படி விழுந்தால் தப்பு, முனையில் எப்படி அப்பும் என்று, கொண்டுபோன துண்டுகளைக் காட்டிச் சொன்னேன்.

முடித்ததும் அவள் கேட்டாள்: "ஒரே காஸ்டிங்ல உங்க டிப்பு எந்த எடத்துல மொதல்ல தேயும்?"

"இங்க," என்று தடித்த பக்கத்தைக் காட்டினேன். போல்ட் ஏறுகிற கனமான மேடு அது. "இங்க வந்ததும் சத்தம் மாறும். மத்த எடமெல்லாம் வெண்ணெய் மாதிரி போகும். இந்த எடத்துல கரகரன்னு இருக்கும். இதுலதான் டிப்பு போகுது. பதினாலு வருஷமா இப்படித்தான்."

அவள் காஸ்டிங்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "தடிமனா இருக்கிற எடம் மெதுவா ஆறும். அதனால சிலிக்கான் பெருசா வளர்ந்திருக்கும். நாங்க சாம்பிளை இந்த மெல்லிசான ஓரத்துல வெட்டறோம். வெட்ட சுலபம்னு." அவளுடைய ஆட்கள் பக்கம் திரும்பினாள். "நாளையிலருந்து சாம்பிள் இங்கருந்து எடுக்கணும். இத்தனை நாளா நாம நல்ல பக்கத்தையே பாத்துக்கினு இருந்திருக்கோம்."

ஒருவர் அதை நோட்டில் எழுதினார். நான் சொன்னது ஒரு நோட்டில் ஏறுவதை அப்போதுதான் பார்த்தேன்.

திரும்பும்போது அவளும் என் வண்டியிலேயே வந்தாள். சூளகிரி தாண்டி நெடுஞ்சாலையில் லாரிகள் நெருக்கிக்கொண்டு வந்தன. ஒரு டீக்கடையில் ஓரங்கட்டினேன். டீயும் பன்னும் வந்தன; டீயை ஊதிக்கொண்டே கேட்டேன்.

"நெஜமாவே தெரியாமத்தான் கேட்டியா? இல்ல என்னை நாலு பேர் முன்னாடி பேச வைக்கணும்னு கேட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தா இத்தன நாளா தப்பான எடத்துல வெட்டிக்கினு இருப்பேனா?"

நியாயமான பதில். நான் பாதிதான் நம்பினேன். தெரிந்தே எனக்கு ஓர் இடம் கொடுத்திருப்பாளோ என்று மீதிப் பாதி கேட்டுக்கொண்டே இருந்தது. அப்படிக் கொடுத்திருந்தால் அந்தப் பெரிய மனசு எனக்கு இல்லையே என்று, அதன் மீதும் பொறாமை வந்தது. இந்தச் சனியன் என்னை விட்டு முழுக்கப் போகாது என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்காக இனிமேல் நான் பொய் சொல்லப்போவதில்லை. அவ்வளவுதான் என்னால் உறுதி சொல்ல முடியும்.

"என்னங்க யோசனை?" என்றாள்.

"பொறாமையா இருக்கு," என்றேன்.

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இன்னொரு பன்னுக்குச் சொன்னாள்.